ஆத்தா கழுத்துப் பொன்னரளி

எங்கள் தோட்டத்து லயங்களில், அந்தக் கூலிக்காரர் வரிசை வீடுகளில், எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் மாலை கட்டியது வீரம்மாதான். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு, மத்தியானத்துக்கு மேல் பூக்கட்டு. வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டால் கைக்கு வேகம் கூடும், வாய்க்கு அதைவிடக் கூடும். பெண் எப்படி, மாப்பிள்ளை எப்படி, மாமியார்க்காரி பருப்பில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவாள் என்பதெல்லாம் அந்த மாலையோடு சேர்ந்து வெளியே வரும். இப்படி ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தவளுடைய கழுத்தில் ஒரு மாலைகூட விழுந்ததில்லை என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

சுங்காய்க்குத் தெற்கே, ரயில் பாதையை விட்டு உள்ளே வளைந்து போகும் மாட்டுவண்டித் தடம் முடிகிற இடத்தில் இருக்கிறது அந்தக் கித்தா தோட்டம், அதாவது ரப்பர்த் தோட்டம். என் அப்பா விஸ்வலிங்கம் அங்கே கிராணி. தோட்டத்துக் கணக்கு வழக்கு முழுக்க அவர் பொறுப்பு. நான் ஈப்போவில் படித்துவிட்டு, ஈயச் சுரங்க எஞ்சினியர் ஒருவருடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனேன். ஈயம் இருக்கிற இடத்துக்கெல்லாம் அவர் போனார். அவர் குடும்பத்தோடு நானும் கப்பல் ஏறி, கடைசியில் பொலிவியா தேசத்து மலை மேல் போய்ச் சேர்ந்தேன். மரம் இல்லாத, மூச்சு வாங்குகிற, எந்நேரமும் குளிர்கிற ஊர். எங்கள் பக்கத்தில் பெருவெள்ளம் வந்துபோன மறுவருஷம்தான் வீடு திரும்பினேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வேலியோரம் பொன்னரளி மரங்கள் இரண்டு நிற்கின்றன. வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மனுக்கு மாலை கட்ட வீரம்மா அங்கேதான் பூப் பறிக்க வருவாள். நான் வந்த சில நாளிலேயே அப்படி வந்தவள், கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு துணியைப் பார்த்து நின்றுவிட்டாள். பொலிவியாவில் சந்தைக்காரி ஒருத்தி எனக்குத் தந்த இடைக்கச்சை அது. கறுப்புக் கம்பளி நூலில், நீளவாக்கில் முழுக்கப் பூக்கள். ஒவ்வொன்றும் சின்ன ஊதுகுழல் மாதிரி நீண்டு, வாய் விரிந்து, கீழ்நோக்கித் தொங்கும்.

"என்ன சின்னம்மா இது, பொன்னரளியத் தலகீழாத் தொங்கவுட்ட மாதிரி?"

அரளி இல்லை, இது கந்தூத்தா என்று ஒரு பூ, அந்த மலையில் மட்டும் விளையும் என்றேன். குழல் மஞ்சள், விரிந்த வாய் சிவப்பு. வெள்ளைக்காரர் அங்கே போவதற்கு முன்னால் ஆண்ட ராஜாக்கள் காலத்திலிருந்தே அந்த ஜனங்களுக்கு அதுதான் பெரிய பூ. பழைய மரக்குவளைகளில் அதை வரிசையாகத் தீட்டியிருப்பார்கள். துணியில் நெய்வார்கள். வாலிபப் பிள்ளைகளை ஆண்மக்களாகச் சபையில் சேர்க்கும் சடங்கில் அந்தக் காலத்தில் தலையில் பூச்சூட்டினார்கள் என்று அங்கே சொல்லக் கேட்டேன். இன்றைக்கும் திருவிழா என்றால் பெண்கள் தொப்பியில் செருகிக்கொள்கிறார்கள்.

"வாசம் எப்படி?"

வாசம் கிடையாது என்றேன்.

"அப்ப எதுக்கு வச்சிக்கிறாங்க? பூவப் பாக்குறது அடுத்தவங்க. வச்சவளுக்கு வாசந்தானே மிச்சம்."

நாலு வருஷம் அந்தப் பூவைப் பார்த்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் அவள் பறிக்க, நான் கூடை பிடிக்க, அந்த மலைக்கதை நடக்கும். வாசமுள்ள பூவும் அங்கே உண்டு என்று ஒருநாள் சொன்னேன். வெள்ளையாக, முழங்கை நீளத்துக்கு ஊதுகுழல் போலத் தொங்கும். பொழுது சாய்ந்தால் தெருவே மணக்கும். ஆனால் அதன் அடியில் படுத்துத் தூங்கக்கூடாது என்பார்கள். பழங்காலத்துப் பூசாரிகள் அதை ஊறவைத்துக் குடித்துவிட்டுச் செத்தவர்களோடு பேசினார்களாம்.

"நம்ம ஊமத்தைக்கு அக்கான்னு சொல்லுங்க. அதும் ஈசுவரன் தலையிலதான் இருக்கு. மனுசி வக்க மாட்டா."

ஊமத்தை இருக்கட்டும், இந்தப் பொன்னரளியே அந்தத் தேசத்தில் மலைக்குக் கீழே காட்டு ஊர்களில் தானாக வளர்கிறது என்றேன். அங்கிருந்து வருகிற ஆட்டக்காரர்கள் இதன் கொட்டையைக் காயவைத்து, துளை போட்டு, கணுக்காலில் சலங்கையாகக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். வீரம்மா நம்பவில்லை. கீழே கிடந்த ஒரு கொட்டையை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். விஷக் கொட்டையைக் காலில் கட்டுகிற ஊரில் நாலு வருஷம் இருந்துவிட்டு முழுசாகத் திரும்பி வந்திருக்கிறேனே என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

அந்தக் கதைகளுக்கு நடுவில் அவள் பேச்சு நின்றது ஒரே ஒரு தரம். கார்த்திகைக்குச் சற்று முன்னால் அந்த ஜனங்கள் செத்தவர்களுக்குப் படையல் போடுவார்கள், கல்யாணத்துக்கும் விழாவுக்கும் எடுத்த அதே கந்தூத்தாவை அன்றைக்குப் புதைகுழியிலும் கொண்டுபோய் வைப்பார்கள் என்று சொன்னபோது அவள் கை கிளையிலேயே நின்றது.

"ஒரே பூவா? உசிரோட இருக்கிறவளுக்கும், போனவனுக்கும்?"

ஆமாம் என்றேன். அவள் பாதி நிறைந்த கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏன் அப்படிப் போனாள் என்பதை அடுத்த வாரம் அவளே சொன்னாள். சின்னப் பெண்ணாகத் தாயோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினாள். பினாங்குக்குப் பக்கத்துத் தீவில், நோய் இருக்கிறதா என்று பார்க்க எல்லாரையும் அடைத்து வைக்கிற முகாமில், தாய் வாந்திபேதியில் போய்விட்டாள். ஆள்துணை இல்லாத பெண்ணை எங்கே அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. கூட வந்தவர்களில் சீனி என்று ஒருவன், பக்கத்து ஊர்க்காரன். முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றபடியே, "எங்கூட வாரியா?" என்று கேட்டான். அங்கே இருந்த ஒரு கிழவி மஞ்சள் கயிறு கொடுத்தாள். கம்பிவேலி ஓரத்தில் நின்று கட்டினான். பூ என்று கண்ணால் பார்க்க அந்தத் தீவின் கரையில் ஒன்றும் இல்லை. கயிறு ஏறின கழுத்தோடு அவள் இந்தத் தோட்டத்துக்கு வந்தாள். சீனி நல்லவன். கை நீட்டியதில்லை. கள்ளுக்கடைக்கு அவன் போனால் திரும்பி வரும்போது அவளுக்கு மசால்வடை வரும். புதுக்காடு வெட்டுகிற வேலையில் மலைக்காய்ச்சல் பிடித்துச் செத்தான். அவன் மேல் போட வீரம்மா கட்டின மாலை எங்கள் வேலியோரத்துப் பொன்னரளிதான். அது மட்டும்தான் அன்றைக்குப் பூத்திருந்தது.

இப்போது அவளைக் கேட்டு வந்திருப்பவன் பத்துமலை. இங்கேயே பிறந்தவன், பத்துமலைக் கோயிலுக்கு வேண்டிப் பிறந்ததால் அந்தப் பெயர். கித்தாவைப் புகைபோடும் கூடத்தில் வேலை. எப்போதும் புகைநாற்றம் வீசும், எப்போதும் சிரிப்பு. அவர்கள் வழக்கத்தில் அறுத்துக்கட்டுவது, தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது, தப்பில்லை. யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. தை பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று கோயில் வாசலில் எல்லாரும் கூடிப் பேசினார்கள்.

இராமசாமிக் கங்காணிதான் நடுவில் உட்கார்ந்திருந்தார். இந்த ஆட்களில் பாதிப் பேரைக் கப்பலேற்றி அழைத்து வந்தவர். விடியற்காலையில் வேலையாட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் ஆள் கூப்பிடுவதிலிருந்து பிள்ளைக்குப் பெயர் வைப்பதுவரை அவர் வாக்குத்தான். கெட்ட மனிதர் இல்லை. கடலைத் தாண்டி வந்ததில் பாதி வழக்கம் கரைந்துபோயிற்று, மீதியையாவது நாம் காக்காவிட்டால் ஊருக்குப் போய் எந்த முகத்தோடு நிற்பது என்பது அவருடைய பயம். தாலி கட்டலாம், புதுச்சேலை எடுக்கலாம், ஒரு வேளைச் சோறும் போடலாம் என்றார். மேளம் கூடாது, மாலை கூடாது. ரெண்டாங்கட்டுக்கு அதெல்லாம் கிடையாது.

வீரம்மா எழுந்து நின்றாள். மாலை இல்லாமல் தான் மணையில் உட்கார முடியாது என்றாள்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கும் இருளாயி பக்கத்தில் இருந்தவளிடம், எல்லார் காதிலும் விழும்படி, "ரெண்டாம் பந்தியில உக்காந்துக்கிட்டுத் தலவாழ எல கேக்குறா பாரு" என்றாள்.

கங்காணி சிரிக்கவில்லை. "ஒரு பொம்பளைக்கு ரெண்டு மாலதான், வீரம்மா. கல்யாணத்துக்கு ஒண்ணு, கடசிக்கு ஒண்ணு. நடுவுல கெடையாது."

"நான் நடுவுல கேக்கல கங்காணியாரே. எனக்கு மொதலே இன்னும் விழல."

முகாமில் நடந்ததை அங்கே எல்லார் முன்னாலும் சொன்னாள். அவளையும் சீனியையும் அந்த முகாமிலிருந்து எண்ணி எடுத்துக்கொண்டு வந்தவரே கங்காணிதான். அவருக்குத் தெரியாத விஷயமில்லை. இருந்தாலும், கயிறு ஏறிவிட்டால் கல்யாணம் முடிந்ததுதான், மாலையின் முறையும் அதோடு போயிற்று, அது அவள் விதி என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அவர் வீட்டு முற்றத்தில்தான் மல்லிகைப் பந்தல் இருந்தது. லயத்துக் கல்யாணங்களுக்குப் பூ அங்கிருந்துதான் வரும். ஆகவே சொல்லும் அவருடையது, பூவும் அவருடையது.

இந்த நேரத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கமுந்திங் பக்கம் ஒரு தோட்டத்தைப் புதிதாக எடுத்திருந்தார். அங்கே புகைக்கூடம் போடப் பத்துமலையை மாசி பிறக்குமுன் அனுப்புவதாக முடிவாயிற்று. பெண்சாதி இருந்தால் கூடவே அனுப்புவார்கள், வீடும் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் அவன் தனியாகப் போகவேண்டும். பத்துமலை அவளிடம் வந்து நின்றான். தனக்கு மாலை வேண்டியதில்லை, ஆனால் அதனால் அவள் தனக்கு இல்லை என்று ஆகிவிடக்கூடாது என்றான். வீரம்மா அவனைத் திட்டினாள் என்று கேள்விப்பட்டேன். திட்டிவிட்டு, அவன் போன பிறகு அழுதாளாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. இடைக்கச்சையை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். இதில் வரிசையாகப் பூ இருக்கிறது, இதைக் கழுத்தில் போட்டுக்கொள், நெய்த துணியைப் பூ என்று எந்தக் கங்காணியும் சொல்ல முடியாது என்றேன். எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. வீரம்மா கச்சையைத் தடவிப் பார்த்தாள், மடித்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"நூலு வாடாது சின்னம்மா. வாடுனாத்தான் அது மால."

சரி, அப்பாவை விட்டுக் கங்காணியிடம் சொல்லச் சொல்கிறேன், கிராணி சொன்னால் அவர் தட்டமாட்டார் என்றேன். அதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"கேப்பாரு. கேட்டா அப்புறம் அது கிராணியாரு போட்ட மாலையாயிரும். எனக்கு எதுக்கு?" கொஞ்சம் பொறுத்து, "வேலிப் பக்கம் இந்த வாரம் பூ நெறைய இருக்குமா?" என்று கேட்டாள்.

நிறைய இருக்கும் என்றேன். ஆனால் அரளியைக் கல்யாணத்துக்கு யார் போடுவார்கள்? சாமிக்குச் சாத்துவார்கள், பாடைக்குக் கட்டுவார்கள் என்றேன். அதைக் கேட்டதும் வீரம்மா ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள். அதுதான் தனக்கு வேண்டும் என்றாள். அந்த மலைக்காரிகளுக்கு ஒரே பூ என்றால் தனக்கும் ஒரே பூ. சீனிக்குப் போட்டது எதுவோ அதுதான் தனக்கும்.

மறுநாள் மாரியம்மன் கோயில் பண்டாரத்தைப் பார்க்கப் போனாள். சன்னாசிப் பண்டாரம் என்று பெயர். தகரக்கூரைக் கோயிலுக்குப் பின்னால் தனியாக இருப்பவர். அரிசி பருப்பெல்லாம் கங்காணி வீட்டிலிருந்து வரும். வருகிற வெள்ளிக்கிழமை தன் உபயம் என்று சொன்னாள் வீரம்மா. சர்க்கரைப் பொங்கல் அவள் செலவு, பூ அவள் கட்டுவது. உபயக்காரருக்கு ஆத்தா கழுத்து மாலையை எடுத்துப் போடுவது அந்தக் கோயிலில் மரியாதை. திருவிழாவில் வருஷம் தவறாமல் அந்த மாலையைக் கங்காணிதான் வாங்கிக்கொள்வார். பண்டாரத்துக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. எண்ணெய்த் திரியை நிமிண்டிவிட்டாராம். பிறகு சொன்னார்: "பூ வந்தா ஆத்தாளுக்குச் சாத்துவேன். சாத்துனத யாருக்குப் போடலாம், யாருக்குப் போடக்கூடாதுன்னு இன்னிவரைக்கும் ஆத்தா எங்கிட்டச் சொன்னதில்ல."

வெள்ளிக்கிழமை பால் வெட்டு முடிந்ததும் வீரம்மா எங்கள் வீட்டுப் பின்கட்டில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு மரத்தையும் மொட்டையாக்கிவிட்டோம். அன்றைக்கு அவள் பேசவில்லை. பொன்னரளிக்குக் காம்பு சிறியது, இதழ் மெல்லியது, அழுத்தினால் கறுத்துவிடும். நாரை இறுக்காமல், ஆனால் விழாமல் கட்டவேண்டும். ஒவ்வொரு குழலும் வாய் வெளியே பார்க்கும்படி வைத்துக் கட்டினாள். இரண்டு மாலை, அம்மனுக்கு முழங்கால் தொடும் நீளம். கட்டி முடித்து வாழை இலையில் சுற்றும்வரை, தன் கழுத்தளவுக்குச் சரியாக இருக்குமா என்று ஒருதரம்கூட வைத்துப் பார்க்கவில்லை.

சாயங்காலம் லயத்து ஜனம் முக்கால்வாசி வந்திருந்தது. சர்க்கரைப் பொங்கல் என்றால் வராமல் இருப்பார்களா? கங்காணியும் வழக்கம்போல முன்னால் நின்றார். பத்துமலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஓரமாக நின்றான். மடியில் தாலி இருந்தது. அம்மன் கழுத்தில் அந்த இரட்டை மாலை ஏறியதும் கருங்கல் முகமே மஞ்சளாகத் தெரிந்தது. தீபாராதனை முடிந்தது. பண்டாரம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, உபயக்காரி யார் என்று, தெரியாதவர் போலக் கேட்டார். வீரம்மா முன்னால் வந்தாள். ஒரு மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். கூட யார் என்றார். பத்துமலை வந்தான். இன்னொன்றை அவனுக்குப் போட்டார்.

மாலையோடு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதுதான் கூட்டத்துக்கு உறைத்தது. எல்லார் பார்வையும் கங்காணி மேல் போனது. அவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"யாரு மால இது, வீரம்மா?"

"ஆத்தாளது, கங்காணியாரே."

அவர் கை பாதி உயர்ந்தது. அம்மன் கழுத்திலிருந்து இறங்கிய மாலையைக் கழற்று என்று சொல்ல அந்தத் தோட்டத்தில் பிறந்த நாக்கு இல்லை. வருஷா வருஷம் அதே மாலையைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டவர் அவர். கை அப்படியே நின்று, பிறகு மெதுவாக இன்னொரு கையோடு சேர்ந்து, அம்மனைப் பார்த்துக் கும்பிட்டது. கும்பிட்டுவிட்டுத் திரும்பாமலே சொன்னார்:

"அவ போட்டா நான் யாரு. ஆனா மேளம் கெடையாது, ஆமா."

பத்துமலை தாலியை எடுத்தான். மேளம் இல்லை. பண்டாரம் கோயில் மணியைப் பிடித்து அடிக்க ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை பூசைக்கு அவ்வளவு நேரம் மணி அடித்து நான் கேட்டதே இல்லை. முதலில் குலவை போட்டவள் இருளாயிதான். தலைவாழை இலைக்கு அவளே ஓடினாள்.

பொங்கல் சாப்பிட்டு எல்லாரும் கலைந்த பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே, வீரம்மா பத்துமலையோடு என்னையும் கூப்பிட்டுக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள். பால்மரங்கள் முடிகிற இடத்தில் தோட்டத்து இடுகாடு. சீனியின் மேட்டில் புல் ஏறியிருந்தது. கொஞ்சம் பிடுங்கிப் போட்டாள். பத்துமலை தன் கழுத்து மாலையைக் கழற்றி அந்த மேட்டின் மேல் வைத்தான். வீரம்மாவும் கழற்றப் போனாள். அவன் தடுத்தான்.

"ரெண்டும் அண்ணனுக்கேயா? ஒண்ணு இருக்கட்டும்லா. கமுந்திங் போய்க் காட்டணும்ல, பொண்டாட்டி மால போட்டு வந்தவதான்னு."

"அங்க போறதுக்குள்ள வாடிரும்."

"வாடுனாத்தான் மாலன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியாமே."

என்னை முறைத்துப் பார்த்தாள். சொன்னது நான்தான் என்று தெரிந்துவிட்டது. பிறகு தாடையைக் கீழே இறக்கி, மார்பில் கிடந்த மாலையில் மூக்கை வைத்து, மூச்சை இழுத்தாள். இழுத்து இழுத்துப் பார்த்தாள். என்ன, வாசம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"லேசா இருக்கு சின்னம்மா," என்றாள் வீரம்மா. "போதும்."